ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள் ஏன் ஓயாமல் மாறுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிரன்ட்எண்ட், அதாவது இணையப் பக்கத்தில் பயனர் காணும் பகுதியை எழுதும் வேலை செய்பவர்களிடம் ஒரே புலம்பலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: "கற்று முடிப்பதற்குள் மாறிவிடுகிறது." அந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் கட்சி. ஒரு கருவியை மாற்றுகிறவர் ஒரு முறை மாற்றிவிட்டுப் போய்விடுகிறார். அதன் செலவை, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் தம் நேரத்தால் கட்டுகிறார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்களும் நெடுநாள் இதில் இருப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு வரியைக்கூட நான் தொடவில்லை. போன வருடம் ஓடிய ப்ராஜெக்ட் இன்று ஏன் ஓட மறுக்கிறது?

உங்கள் நிரல் மாறவில்லை, அதன் அடியில் இருந்தவை மாறிவிட்டன. பலரும் அனுபவித்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம்.

உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸின் 17ஆம் பதிப்பு 2021 அக்டோபரில் வெளியானது. அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான ரியாக்ட், வியூ ப்ராஜெக்ட்கள் (இரண்டும் இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் கருவிகள்) புதிய நோட் பதிப்பில் பில்ட் ஆகாமல், அதாவது வெளியிடும் வடிவத்துக்குத் தொகுக்க முடியாமல் நின்றன. திரையில் வந்த செய்தி "டிஜிட்டல் என்வலப் ரூட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்" என்பது. இதைப் படிக்கும் ஒருவருக்குத் தன் பட்டன் நிறத்துக்கும் இந்த உறைக்கும் என்ன தொடர்பு என்று எப்படித் தெரியும்?

நடந்தது இதுதான். வெப்பேக் 4 என்ற கருவி, தான் தொகுக்கும் கோப்புகளுக்கு அடையாளக் குறி உண்டாக்க எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறையைப் பயன்படுத்தியது. எம்டி4 1990இல் வந்தது, பாதுகாப்புக்கு உதவாது என்று எப்போதோ தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் வெப்பேக்குக்குப் பாதுகாப்பு நோக்கம் எதுவும் இல்லை, வேகமாக ஒரு குறி கிடைத்தால் போதும். நோட் 17 தன் அடித்தளமாக, மறையாக்க வேலைகளைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3ஐ எடுத்துக்கொண்டது. அந்த ஓப்பன்எஸ்எஸ்எல், எம்டி4ஐப் பழையவற்றின் அறைக்கு மாற்றி, கேட்டாலொழியத் தருவதில்லை என்று வைத்துவிட்டது. இந்த மூவரில் ஒருவர்மீதும் தனித்தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஓப்பன்எஸ்எஸ்எல் செய்தது சரி. நோட் செய்தது சரி. வெப்பேக் அன்று எடுத்த முடிவும் அன்றைக்குச் சரியே. மூன்றும் சேர்ந்த இடத்தில் நின்றவர், புதிய லேப்டாப்பில் ப்ராஜெக்டை இறக்கிய ஒரு இளைஞர். அன்று மாலைக்குள் வேலையை முடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தவர் அவர்.

அந்தப் பிழைக்கு "ஓப்பன்எஸ்எஸ்எல் லெகசி ப்ரொவைடர்" என்ற அமைப்பைச் சேர்த்தால் போதும் என்கிறார்களே?

பில்ட் ஓடிவிடும். இன்றே வெளியிட வேண்டியது இருந்தால் சேருங்கள். ஆனால் அது தள்ளிப்போடுவது மட்டுமே. வெப்பேக் 5இன் பிற்காலப் பதிப்புகளுக்கு மாறுவதே தீர்வு.

வேறு சிலர் நோட் 16க்கே திரும்பிப் போனார்கள். அந்த வழியும் நீண்ட நாள் திறந்திருக்கவில்லை. நோட் 16 நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1இன் பராமரிப்பு முடிகிறது என்பதால், 2024 ஏப்ரல் வரை என்று சொல்லியிருந்த நோட் 16இன் ஆயுள் 2023 செப்டம்பரிலேயே முடியும்படி முன்னுக்கு நகர்த்தப்பட்டது. காரணம் நியாயமானது, முன்கூட்டியே அறிவிக்கவும் செய்தார்கள். அதை நம்பித் திட்டம் போட்டிருந்தவர்களுக்கோ ஏழு மாதம் பறிபோனது.

இத்தனை கருவிகள் தேவைதானா? வெறும் மோகமா?

தொடக்கத்தில் உண்மையான தேவை இருந்தது. இதை மறைத்துவிட்டுக் கோபப்படுவதில் பயனில்லை.

ஒரு பெரிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் பல கோப்புகளாகப் பிரித்து எழுத, உலாவிகளில் நெடுங்காலம் வழியே இல்லை. அதனால்தான் வெப்பேக் போன்ற தொகுப்புக் கருவிகள் வந்தன. 2015இல் மொழிக்குப் பெரிய புதுப்பிப்பு வந்தது, ஆனால் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அது புரியாது. புது நடையில் எழுதியதைப் பழைய நடைக்கு மாற்ற பேபல் வந்தது. கோப்புகளைச் சுருக்குவது, ஒட்டுவது போன்ற எடுபிடி வேலைகளுக்கு 2012இல் கிரண்ட், அடுத்த ஆண்டு கல்ப்.

பிறகு உலாவிகள் வளர்ந்தன. 2017, 2018 வாக்கில் முக்கிய உலாவிகள் எல்லாம் மாட்யூல்களைத் தாமே புரிந்துகொண்டன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. அந்த நிலைமையைப் பயன்படுத்திக்கொண்டு, வியூவை உருவாக்கிய எவன் யூ 2020இல் வீட் என்ற கருவியை வெளியிட்டார். எழுதும் நேரத்தில் எல்லாவற்றையும் தொகுத்துக்கொண்டிருக்காமல், உலாவி கேட்கிற கோப்பை மட்டும் கொடுப்பது அதன் வழி. காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. இது மோகம் அல்ல, முன்னேற்றம்.

மோகமும் உண்டு. ஏற்கெனவே நன்றாக நடக்கிற வேலையை வேறு பெயரில் மீண்டும் எழுதி, பழையதைக் கைவிடச் சொல்வது உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: முன்பு செய்ய முடியாத எதை இதனால் செய்ய முடிகிறது? இதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் இல்லாவிட்டால் நான் காத்திருப்பேன்.

ஆங்குலர் பற்றிப் பேசினாலே மூத்தவர்கள் சூடாகிறார்களே, ஏன்?

இணையச் செயலிகளைக் கட்டும் ஃபிரேம்வொர்க்கான ஆங்குலர்ஜேஎஸ் 2010இல் கூகுளிலிருந்து வந்தது. நிறுவனங்கள் நம்பி, பெரிய பெரிய நிர்வாக மென்பொருள்களை அதில் கட்டின. 2014 அக்டோபரில் ஐரோப்பாவில் நடந்த ஆங்குலர் மாநாட்டில் அடுத்த பதிப்பின் வடிவத்தை அறிவித்தார்கள். டாலர்-ஸ்கோப் இல்லை, பழைய கன்ட்ரோலர்கள் இல்லை. கற்றவற்றில் மையமானவை எல்லாம் போய், ஏறத்தாழ வேறொரு ஃபிரேம்வொர்க் அதே பெயரில் நின்றது. அது வெளியானது 2016 செப்டம்பரில்.

இடையிலிருந்த அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். பழையதில் புதிய ப்ராஜெக்ட் தொடங்கினால் அது செத்துப்போகும் வழியில் இருப்பது. புதியதில் தொடங்கலாம் என்றால் அது இன்னும் பிறக்கவில்லை. வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது? அந்த நேரத்தில் பலர் ரியாக்ட் பக்கம் போனதில் வியப்பில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆங்குலர்ஜேஎஸ்ஸின் பராமரிப்பு 2021 டிசம்பர் முடிவு வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே செயலியில் அருகருகே ஓடவைத்துச் சிறிது சிறிதாக மாறவும் வழி செய்து கொடுத்தார்கள். பிந்தைய ஆங்குலர் பதிப்புகள் ஆறு மாதத்துக்கு ஒன்று என்ற ஒழுங்கில் வருகின்றன, மாற்றத்தின் பெரும்பகுதியை ஒரு கட்டளையே செய்து கொடுக்கிறது. முதல் அடியிலிருந்து அவர்கள் பாடம் கற்றார்கள். அந்த அடியை வாங்கிய நிரலர்களின் வார இறுதிகள் மட்டும் திரும்பி வரவில்லை.

அப்படியானால் ரியாக்ட் ஒழுங்கா?

ஒரு விஷயத்தில் மிக ஒழுங்கு. 2019 பிப்ரவரியில் ஹூக்ஸ் வந்தபோது எழுதும் முறையே மாறியது. ஆனால் பழைய கிளாஸ் முறையில் எழுதியவை உடையவில்லை, இன்றும் ஓடுகின்றன. ரியாக்டைச் செய்த ஃபேஸ்புக்கிலேயே பல்லாயிரம் பழைய காம்பொனென்ட்கள் (பக்கத்தின் தனித்தனிப் பகுதிகள்) இருந்தன. அவற்றைத் திருத்தி எழுதும் எண்ணம் இல்லை என்று அறிவிக்கும்போதே சொன்னார்கள். தாம் சமைத்ததைத் தாமும் சாப்பிட வேண்டியிருந்ததால் வந்த பொறுப்பு அது என்று நினைக்கிறேன். கருவியைச் செய்கிறவரே அதில் பெரிய வீடு கட்டியிருந்தால் அஸ்திவாரத்தைத் தோண்டத் தயங்குவார்.

சுற்றியுள்ள கருவிகளில் அந்த ஒழுங்கு இல்லை. புதிய ரியாக்ட் ப்ராஜெக்டைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப் 2016 ஜூலையில் வந்தது. ஒரு தலைமுறை மாணவர்கள் அதில்தான் முதல் ரியாக்ட் பக்கத்தை எழுதினார்கள். காலப்போக்கில் பராமரிப்பு தேய்ந்தது. 2023 மார்ச்சில் வந்த புதிய ரியாக்ட் ஆவணத் தளத்தின் தொடக்கப் பாடத்தில் அதன் பெயரே இல்லை. கைவிடப்பட்டது என்ற முறையான அறிவிப்பு வந்தது 2025 பிப்ரவரியில். எனக்கு வருத்தம் தருவது அந்த முடிவு அல்ல, இடைவெளி. ஒரு கருவியின் ஆயுள் முடிகிறது என்றால் அன்றே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்ட காலத்தில் எத்தனை பேர் அதில் புதிதாகத் தொடங்கியிருப்பார்கள்!

நன்றாக விடைபெற்ற கருவி ஏதாவது உண்டா?

மொமென்ட்.ஜேஎஸ். தேதி, நேரம் கையாளும் லைப்ரரி. 2020 செப்டம்பரில் அதன் குழுவே எழுதியது: இதில் இனிப் புது வசதிகள் வராது, புதிய ப்ராஜெக்டுக்கு இதை எடுக்காதீர்கள், மாற்றாக இவை இவை இருக்கின்றன, ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். நான்கு செய்தியும் ஒரே பக்கத்தில். பழைய நிரல் எதுவும் உடையவில்லை. எல்லாக் கருவிகளும் இப்படி விடைபெற்றால் இந்தப் பக்கத்துக்கே வேலை இருக்காது.

பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் ^ என்று ஒரு குறி இருக்கிறதே, அது என்ன செய்கிறது?

ப்ராஜெக்ட் நம்பியிருக்கும் பேக்கேஜ்களின், அதாவது பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளின், பட்டியல் அந்தக் கோப்பு. பதிப்பு எண்ணில் மூன்று பகுதிகள். 4.17.2 என்றால் 4 மாறும்போது பழைய நிரல் உடையலாம். 17 மாறினால் புது வசதி. 2 மாறினால் பிழைத்திருத்தம். ^ என்ற குறி, "முதல் எண் மாறாதவரை புதிதாக எது வந்தாலும் எடுத்துக்கொள்" என்று அனுமதி கொடுக்கிறது. இந்த ஏற்பாடு எழுதுகிறவரின் வாக்கை நம்பி நிற்கிறது. "சின்னத் திருத்தம்தான்" என்று அவர் நினைத்தது உங்கள் பக்கத்தை உடைத்தால், எண் உங்களைக் காப்பாற்றாது.

அதனால்தான் பூட்டுக் கோப்பு முக்கியம். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம்மின் 2017இல் வந்த 5ஆம் பதிப்பு முதல், பேக்கேஜ்-லாக்.ஜேசன் தானாகவே உருவாகிறது. எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று கடைசி இலை வரை அதில் பதிவாகியிருக்கும். நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட்டில் அதைச் சேர்த்து வையுங்கள். சர்வரில் நிறுவும்போது "என்பிஎம் இன்ஸ்டால்" வேண்டாம், "என்பிஎம் சிஐ" கொடுங்கள். பூட்டில் உள்ளதை அப்படியே நிறுவும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். மோதல் வந்தவுடன் பூட்டுக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அப்படிச் செய்தால் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் ஒரே நொடியில் பதிப்பு மாறலாம். பிறகு எது உடைத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

லெஃப்ட்-பேட் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் பேக்கேஜ். மொத்தம் 11 வரிகள். 2016 மார்ச் 22 அன்று, வேறொரு பேக்கேஜின் பெயர் தொடர்பான தகராறில் மனம் நொந்த அதன் ஆசிரியர், தம் பேக்கேஜ்கள் அனைத்தையும் என்பிஎம்மிலிருந்து நீக்கினார். பேபல் உட்பட, அதைச் சுற்றி வளைத்து நம்பியிருந்த எண்ணற்ற ப்ராஜெக்ட்கள் உலகம் முழுவதும் நிறுவ முடியாமல் நின்றன. என்பிஎம் நிறுவனம் சில மணி நேரத்தில் அதை மீட்டு வைத்தது, நீக்கும் விதிகளையும் பிறகு இறுக்கியது. அடுத்த ஆண்டே ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையில் பேட்ஸ்டார்ட் என்ற வசதி சேர்ந்தது. இன்று அந்த வேலைக்கு எந்தப் பேக்கேஜும் வேண்டாம்.

நிலையாக நிற்பது எதுவுமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் நம் காலடியிலேயே.

2018இல் ஜாவாஸ்கிரிப்டின் தரநிலைக் குழு, பட்டியலுக்குள் இருக்கும் பட்டியலை ஒரே பட்டியலாகத் தட்டையாக்க "ஃபிளாட்டன்" என்ற வசதியைச் சேர்க்க நினைத்தது. அதே பெயரில் மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி தன் சொந்த வசதியைச் சேர்த்து வைத்திருந்தது. யாரும் பராமரிக்காத பழைய இணையதளங்கள் சில அதனால் உடையும் என்று தெரிந்தது. மொழியை வடிவமைக்கிறவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் இன்று அந்த வசதியின் பெயர் "ஃபிளாட்". மூடூல்ஸ் அதற்குள் கிட்டத்தட்ட மறக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் எங்கோ ஒரு சிறு கடைக்காரர் தன் பழைய பக்கத்தைத் திறந்தால் அது திறக்க வேண்டும் என்று உலகின் மிகப் பரவலான மொழிகளில் ஒன்று வளைந்து கொடுத்தது.

இந்த நிகழ்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பழையதை உடைக்காமல் முன்னே போக முடியாது என்று வாதிடும் கருவி ஆசிரியர்களுக்கு நான் காட்டும் சான்று இதுதான்.

இன்னும் உண்டு. தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் 1986இல் தரநிலையானது. அன்று எழுதிய எளிய செலக்ட் வாக்கியம் இன்றும் ஓடும். நிரல்களைத் தொகுக்கும் மேக் என்ற கருவி 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. கோ மொழி 2012இல் 1.0 வெளியிட்டபோது, இந்த வரிசைக்கு எழுதிய நிரல் இனி வரும் பதிப்புகளிலும் ஓடும் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்தது, பெரும்பாலும் காப்பாற்றியும் வருகிறது. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் குழு 2050 வரை ஆதரவு தருவதே தங்கள் நோக்கம் என்று அறிவித்திருக்கிறது.

பைத்தானிலும் இப்படி நடந்ததாமே?

நடந்தது. பைத்தான் 3 2008 டிசம்பரில் வந்தது. பழைய 2.7க்கு 2015 வரை என்று வைத்த கெடுவை 2020 வரை நீட்ட வேண்டியிருந்தது. 11 ஆண்டுகள் ஒரு சமூகமே இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் அல்லாடியது. யூனிகோட் எழுத்துகளைச் சரியாகக் கையாள வேண்டும் என்பது பெரிய காரணங்களில் ஒன்று. தமிழ் எழுத்துகளோடு வேலை செய்கிறவர்கள் அதன் பயனை நன்றாக அறிவார்கள். அந்த மாற்றம் தேவை என்றே நான் சொல்வேன்.

இலவசமாகக் கொடுக்கிறார்கள். குறை சொல்ல நமக்கு உரிமை உண்டா?

உண்டு, ஓர் எல்லைக்குள். தன் ஓய்வு நேரத்தில் ஒரு லைப்ரரியைப் பராமரிக்கும் தனி மனிதரிடம் சண்டை போடுவது அநியாயம். லட்சக்கணக்கானவர்களின் வேலையில் இருக்கும் பேபலே 2021இல் தன்னிடம் பணம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. அவர்களிடம் மரியாதையும், முடிந்தால் பண உதவியும்தான் நாம் தர வேண்டியவை.

பெரிய நிறுவனம் ஒன்று ஒரு கருவியை விளம்பரப்படுத்தி, மாநாடு நடத்தி, "எங்களை நம்புங்கள்" என்று அழைத்திருந்தால் கணக்கு வேறு. அழைத்தவருக்குப் பொறுப்பு இருக்கிறது.

தமிழில் இருக்கும் பாடங்களைப் பார்த்துச் செய்தால் பாதியில் நின்றுவிடுகிறதே?

இந்த ஓயாத மாற்றத்தின் பெரிய அநீதி இதுதான் என்று கருதுகிறேன். பக்கங்களுக்குத் தோற்றம் தரும் கருவியான டெயில்விண்ட் சிஎஸ்எஸ் 2025 ஜனவரியில் நான்காம் பதிப்பை வெளியிட்டது. பழைய பாடங்களில் முதல் படியாக இருந்த "இனிட்" கட்டளை அதில் இல்லை. பழைய பாடத்தைப் பார்த்துத் தட்டினால், எந்த நிரலை இயக்குவது என்று தெரியவில்லை என்ற பிழைதான் வரும். கற்க வந்தவருக்கு, பாடம் பழையது என்று தோன்றாது. தனக்குத்தான் வரவில்லை என்று தோன்றும்.

ஆங்கிலத்தில் ஒரு பாடம் காலாவதியானால் பத்துப் புதிய பாடங்கள் வருகின்றன. தமிழில் யாரோ ஒருவர் தன் இரவுகளைச் செலவழித்துச் செய்த பாடத் தொடர் காலாவதியானால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. ஆகவே தமிழில் பாடம் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள்: பயன்படுத்தும் பதிப்பு எண்களை முதல் வரியிலேயே எழுதுங்கள். நிறுவும்போதும் பதிப்பு எண்ணோடு நிறுவச் சொல்லுங்கள். முடிந்தவரை கருவிகளைத் தவிர்த்து, உலாவி நேரடியாகப் புரிந்துகொள்ளும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்டிலேயே பாடத்தை அமையுங்கள். அவை பல ஆண்டுகள் உழைக்கும்.

ஏஐ உதவியாளர்கள் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிடுமா?

பழைய நிரலைப் புது நடைக்கு மாற்றும் சலிப்பான வேலையில் நல்ல உதவி. ஆனால் அவை கற்றது பழைய நிரல்களிலிருந்தும்தான். கைவிடப்பட்ட முறையை முழு நம்பிக்கையோடு எழுதித் தரக்கூடும். பதிப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்.

வேலை தேடுகிறேன். எதைப் படிப்பது?

விளம்பரத்தில் கேட்பதைப் படிக்காமல் இருக்க முடியாது. ஒரு ஃபிரேம்வொர்க்கை, பெரும்பாலும் ரியாக்டை, வேலை செய்யும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் நேரத்தின் பெரிய பங்கை ஜாவாஸ்கிரிப்ட் மொழி, உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி எப்படி இயங்குகிறது, எஸ்க்யூஎல், கிட், பிழைச்செய்தியைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் ஆகியவற்றுக்குக் கொடுங்கள். மேலே சொன்ன எம்டி4 சிக்கலை, ஹாஷ் என்றால் என்னவென்று அறிந்தவர் சற்று நேரத்தில் புரிந்துகொண்டிருப்பார்.

மேம்படுத்தாமல் அப்படியே விட்டுவிடலாமா?

இணையத்தோடு தொடர்பில்லாத உள்வேலைக் கருவி என்றால் பூட்டிவைத்துவிடலாம். பொதுமக்கள் பயன்படுத்தும் தளம் என்றால் முடியாது, பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் போகும்.

ஒரேயடியாக நான்கு பதிப்பு தாண்டாதீர்கள். ஒவ்வொரு முதன்மைப் பதிப்பாக ஏறுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டும். ஒவ்வொரு படிக்கும் கிட்டில் தனி கமிட் (பதிவு). நோட்டில் இரட்டைப்படைப் பதிப்புகளே நீண்ட காலப் பராமரிப்புக்குரியவையாக இருந்து வந்திருக்கின்றன, அவற்றை ஒட்டியே செல்லுங்கள்.

இதற்கு நேரம் வேண்டும் என்று மேலாளரிடம் எப்படிக் கேட்பது?

"பழையதாகிவிட்டது" என்று சொன்னால் எடுபடாது. தேதியோடு சொல்லுங்கள். நீங்கள் பயன்படுத்தும் நோட் பதிப்பின் பராமரிப்பு எந்த மாதத்தில் முடிகிறது, அதன்பின் வரும் பாதுகாப்புத் துளைகளுக்குத் திருத்தம் வராது, அதை நம்பியிருக்கும் தளங்கள் எவை என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதிகளை நோட் குழு வெகு முன்பே வெளியிடுகிறது. மதிப்பீட்டில் மேம்படுத்தலைத் தனி வரியாகப் போடுங்கள், வேறு வேலைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்து வைத்தால் அந்த உழைப்பு யார் கண்ணுக்கும் படாது, அடுத்த முறையும் இரவில் உட்கார்ந்து நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கும்.